சிறு குடும்பத்திற்கு ஒரு கூடாரம்

கூடாரம் என்னும் சொல் யாழ்ப்பாணக் குடாநாட்டார் செவியில் இருவகையாக ஒலிக்கின்றது. பள்ளிப் பருவத்திற் சாரணர் இயக்கத்திலிருந்தவர்க்கு அது விளையாட்டும் விறகடுப்பும் நள்ளிரவுக் கதைகளுமாகும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டுப் பெருந்திரளாக வெளியேறித் தென்மராட்சியிலும் வன்னியிலும் தறப்பாளின் கீழ் நாட்களைக் கழித்தவர்க்கும், 2009ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வெண்கூடாரங்களுக்குள் வெயிலையும் மழையையும் ஒருங்கே அனுபவித்தவர்க்கும் அது முற்றிலும் வேறு பொருளுடையது. ஆதலால், இன்று ஓர் இளங் குடும்பத்தலைவன் “கூடாரம் ஒன்று வாங்குவோம்” என்று சொல்லும்போது, வீட்டிலுள்ள முதியவரின் முகம் சற்றே மாறுமாயின் அதில் வியப்பில்லை. வீடிழந்து கூடாரத்தில் ஒடுங்குவதும், வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு விரும்பிச் சென்று கூடாரமடிப்பதும் ஒன்றல்ல. ஆயினும் ஒன்று கூறவேண்டும். கூடாரத்தினுள் நீர் எவ்வழி நுழையும், வெக்கை எங்கே தேங்கும், காற்று எந்த மூலையை முதலிற் பிய்க்கும் என்பவற்றை அம் முதியவர் அறிந்த அளவுக்குக் கடைக்காரர் அறிந்திரார். வாங்குமுன் அவரைக் கேட்பது நன்று.

குடாநாட்டுக் குடும்பமொன்றுக்குத் தோளிற் சுமந்து செல்லும் கூடாரம் எதற்காக வேண்டும்? மணற்காட்டு மணற்குன்றுகளின் அருகிலோ, காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலோ, குறிகட்டுவானிற் படகேறி அடையும் நெடுந்தீவிலோ, உரியவரிடம் அனுமதி பெற்று ஓரிரு இரவு தங்க விரும்புவோர் உளர். ஆனால் கூடாரத்தின் தகுதியை உண்மையாகச் சோதிப்பது கதிர்காமப் பாதயாத்திரையே. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து புறப்பட்டு, வற்றாப்பளை, திருக்கோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தை முருகனைத் தொழுது, குமணை, யால வனங்களினூடே கதிர்காமம் சென்றடையும் இந்நடை, ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் கொள்வது. போர்க்காலத்தில் வடபகுதி நடை தடைப்பட்டிருந்தது. 2009இற் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து மீண்டும் அடியார் நடக்கின்றனர். முழுத்தூரமும் நடக்க இயலாத குடும்பங்கள் உகந்தை வரை வாகனத்திற் சென்று, காட்டுவழி நான்கைந்து நாட்களை மட்டும் நடப்பதும் உண்டு. வழிநெடுகக் கோயில் மண்டபமும் பாடசாலைக் கட்டடமும் மடமும் கிடைக்கும். உகந்தைக்கு அப்பால் அவை இல்லை. கும்புக்கன் ஆற்றங்கரையிலும் மாணிக்க கங்கைக்கு இப்பாலுள்ள காட்டுவெளியிலும் வானமே கூரை.

இந் நடைக்கு எடுத்துச் செல்லும் பொருளெதற்கும் முதற்கேள்வி அதன் பாரம். தந்தை, தாய், பத்து வயதுச் சிறுமி, ஆறு வயதுச் சிறுவன் என நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றைக் கொள்வோம். பலநாள் நடப்பவர் தம் உடற்பாரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேற் சுமத்தல் தகாது என்பது பொதுவான கணக்கு. தந்தை 60 கிலோகிராம் எனின் 12 கிலோ சுமக்கலாம். தாய் 50 கிலோ எனின் 10 கிலோ. 30 கிலோ எடையுள்ள சிறுமியிடம் பத்திலொரு பங்காகிய 3 கிலோவுக்கு மேற் கொடுத்தலாகாது. சிறுவன் தன்னைத்தான் சுமந்தாற் போதும். ஆகமொத்தம் 25 கிலோ. காட்டுவழியில் நால்வருக்கும் ஒரு நாட்குரிய நீர் குறைந்தது 12 லீற்றர். அதுவே 12 கிலோ. அவல், அரிசிமா, பருப்பு முதலாய உலருணவு 5 கிலோ. மாற்றுடை, போர்வை, பானை, மருந்து, ரோச் லைற் எல்லாம் சேர்ந்து 5 கிலோ. எஞ்சியிருப்பது 3 கிலோ மட்டுமே. கூடாரம் அதற்குள் அடங்கல் வேண்டும். கடையில் 6 கிலோக் கூடாரத்தை ஒரு கையாற் தூக்கிப் பார்த்து “பாரமில்லையே” என்று சொல்பவர், உகந்தைக்கு அப்பால் இரண்டாம் நாள் நண்பகலில் அக் கூடாரத்தை மரத்தடியில் விட்டுச் செல்ல வழிதேடுவார். நீரைக் குறைத்துக் கூடாரத்தைச் சுமப்பாரானால் அது இன்னும் பெருந்தவறு.

அடுத்தது இடம். கூடார உறையில் “நால்வருக்குரியது” என்று பொறித்திருப்பதை அப்படியே நம்புதல் கூடாது. அது நால்வர் தோளோடு தோள் உரசிக் கிடக்கும் கணக்கு. ஆளுக்கு 60 சதமமீற்றருக்குக் கூடிய இடம் அரிதாகவே கிடைக்கும், பைகளுக்கு இடமில்லை. இதனை அளந்தறியக் கடைக்குப் போகவேண்டியதில்லை. வீட்டு விறாந்தையிற் குடும்பத்தார் வழக்கமாகப் படுக்கும் பாய்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து விரித்து, எல்லோரும் ஒருமுறை படுத்துப் புரண்டு பார்த்து, அகலத்தையும் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டால் அதுவே வேண்டிய தளத்தின் அளவு. உயரமான தந்தையின் தலையும் காலும் துணிச்சுவரிற் படாதிருக்க, அவர் உயரத்தினும் ஓரடியேனும் மிகுதியாக நீளம் வேண்டும்.

இங்கே பாரமும் இடமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மலிவான நால்வர் கூடாரங்கள் பெரும்பாலும் 4 முதல் 5 கிலோ வரை இருக்கும்; 3 கிலோவில் நால்வர் கூடாரம் வேண்டுமெனின் விலை பன்மடங்காகும். இச் சிக்கலுக்குச் சிறு குடும்பத்திடமே ஒரு விடையுண்டு. பிள்ளைகள் சிறியவர்கள். பெற்றோர் இருவருக்கும் ஆளுக்கு 60, பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 40 என்று கொண்டால் 200 சதமமீற்றர் அகலம் போதும். அது சற்று அகன்ற மூவர் கூடாரத்தின் அளவாகும். நடுத்தர விலையில் இரண்டரை முதல் மூன்று கிலோவுக்குள் கிடைக்கக்கூடியது. பிள்ளைகள் வளர்ந்தபின் அது போதாதுதான். அப்போது சிறுமியும் தாயளவு சுமப்பாள். இரண்டாவது சிறு கூடாரம் ஒன்று வாங்கலாம். நெடுந்தீவுக்கு இரண்டு நாட்கள் மட்டும் செல்வோர் இவ்வளவு கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. பேருந்தும் படகும் சுமக்கும். 5 கிலோ மலிவுக் கூடாரமே அவர்க்குப் போதியது.

இனி, விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஓர் உறுப்பைப் பற்றிக் கூறவேண்டும். அது தளம். சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, விளிம்பு நான்கைந்து அங்குலம் மேலெழுந்து தொட்டிபோல் அமைந்த தளமே வேண்டும். வாயில் முழுவதும் சிப் பூட்டால் மூடப்படல் வேண்டும். காரணம் மழை மட்டுமன்று. நம் நாட்டிற் கட்டுவிரியன், அதாவது எட்டடி விரியன், இரவில் இரைதேடி நடமாடும் பாம்பு. தரையிற் படுத்துறங்குவோரையே அது பெரிதும் தீண்டுகின்றது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராமையால், உறங்கியவர் அதனைப் பூச்சிக்கடியென்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுவதும் உண்டு. பின்னர் வயிற்றுநோவு தோன்றும், கண்ணிமை சோரும், இறுதியில் மூச்சுத்தசைகள் செயலிழக்கும். நள்ளிரவிற் காரணந்தெரியாத வயிற்றுநோவும் இமைச்சோர்வும் ஒருவர்க்குத் தோன்றுமாயின் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இவ்வபாயம் உள்ள நாட்டில், நாற்புறமும் திறந்த கூரைத்துணி எவ்வளவு இலேசாயினும், பிள்ளைகளோடு தரையிற் படுப்பவர்க்கு அது கூடாரமாகாது. சிப் பூட்டைப் பகலிலும் திறந்துவிடலாகாது. திறந்த வாயிலினூடே புகுந்ததை இரவில் மூடிச் சிறைவைத்துப் பயனென்ன?

யானையைப் பற்றியும் ஒரு சொல். யானைக்கும் கரடிக்கும் கூடாரத்துணி ஒரு தடையேயன்று. காட்டுவழியில் அடியார் கூட்டத்தோடு சேர்ந்து தங்குவதும், உணவைக் கூடாரத்தினுள் வைக்காதிருப்பதுமே காவல்.

மழைக்கு வருவோம். கூடாரங்களில் ஒற்றைச் சுவருடையன, இரட்டைச் சுவருடையன என இருவகை உண்டு. இரட்டைச் சுவருடையதில் உட்கூடு மெல்லிய வலையும் துணியுமாக இருக்கும். அதன்மேல் நீர்புகா மேலுறை கைப்பிடியளவு இடைவெளி விட்டு விரியும். ஒற்றைச் சுவர் இலேசானது, மலிவானது. ஆனால் உறங்குவோர் மூச்சு வழியாக இரவெல்லாம் ஈரம் வெளிப்படுகின்றது. நால்வர் மூச்சும் வெளியேற வழியின்றித் துணியின் உட்புறத்திற் குளிர்ந்து துளியாகிச் சொட்டும். காலையில் நனைந்தெழுந்தவர் “கூடாரம் ஒழுகுகின்றது” என்று கடைக்காரரைக் குறைகூறுவார். ஒழுகியது மழையன்று, அவர் மூச்சே. குடாநாடு போன்ற வெக்கையும் ஈரமும் மிக்க இடத்துக்கு வலைப்பரப்பு மிகுந்த இரட்டைச் சுவர்க் கூடாரமே உகந்தது. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் வறண்டிருத்தலால், பாதயாத்திரைக் காலத்தில் மேலுறையைப் பையிலேயே வைத்துவிட்டு உட்கூட்டை மட்டும் விரித்துப் படுக்கலாம். காற்றும் வரும், நுளம்பும் வராது. கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையிற்கூட அது நல்ல நுளம்புவலையாகும்.

நீர்புகாத் தன்மையைக் கடைகளில் மில்லிமீற்றர்க் கணக்கிற் கூறுவர். துணியின்மேற் குழாயொன்றை நிறுத்தி நீர் ஊற்றினால், எத்தனை மில்லிமீற்றர் உயரம் வரை நீர் கசியாது தாங்கும் என்பதே அவ்வெண்ணின் பொருள். மேலுறைக்கு 1,500 போதும். தளத்துக்கு 3,000 இருத்தல் நன்று. நனைந்த நிலத்தின்மேல் முழந்தாளிட்டவரின் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தினும் மிக அதிகமாதலின், தளத்துக்கு எப்போதும் கூடிய எண் வேண்டும். இவ்வெண் துணிக்குரியது, தையலுக்குரியதன்று. தையற்கோட்டின் உட்புறத்தில் மெல்லிய நாடா ஒட்டப்பட்டிருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்த்தறிக. மலிவுக் கூடாரங்கள் முதலில் ஒழுகுவது அங்கேதான். இவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் குடாநாட்டிற் பிள்ளைகளோடு கூடாரப் பயணம் செல்லாதிருப்பதே அறிவு. ஆண்டு மழையிற் பெரும்பகுதி அம் மாதங்களிலேயே பொழிகின்றது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலின்போது குடாநாட்டிற் கல்வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

துணிவகையிலே பருத்திக் கான்வஸ் பாரத்தினால் விலக்கப்பட்டது. எஞ்சியவை நைலோனும் பொலியெஸ்ரரும். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தில் கறோதர்ஸ் என்பாரின் ஆய்விற் பிறந்தது நைலோன். 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்டது பொலியெஸ்ரர் இழை. ஒரே தடிப்பில் நைலோன் வலிமை மிக்கது, விலையும் மிக்கது. ஆனால் நனைந்தால் அது நீண்டு தொய்யும். வெயிலின் புறவூதாக் கதிர்களால் விரைவில் நலியும். பொலியெஸ்ரர் சற்றுப் பாரமாயினும் நனைந்தாலும் தொய்யாது. வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். குளிர்நாட்டு நூல்கள் நைலோனைப் புகழ்வது அவர்தம் மலைக்குப் பொருத்தம். மேலுறையைப் பகல்வெயிலிலும் விரித்துவைக்கும் நம்மவர்க்கு மலிவான பொலியெஸ்ரரே நன்மை. அரிதாக மலிவும் நன்மையும் ஒரு பக்கம் நிற்கும் இடம் இது.

காற்றைப் பற்றிக் குடாநாட்டாருக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. வாடையிற் பட்டம் ஏற்றியவரும் சோழகத்தில் வேலியோலை பறக்கக் கண்டவரும் அவர். கூடாரத்தின் குறுகிய பக்கத்தைக் காற்றுக்கு முகங்காட்டி நிறுத்தல் வேண்டும். வாயில் காற்றுக்கு எதிர்ப்புறம் அமையவேண்டும். தாங்குதடிகளிற் கண்ணாடிநாராலானவை மலிவு. அவை வளைந்து வளைந்து ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும், சிலாம்பு கையிலேறும். அலுமினியத் தடி விலை கூடினாலும், வளைந்தால் நிமிர்த்தலாம், பாரமும் குறைவு. காசு செலவிட வேண்டிய இடம் தளத்துக்கு அடுத்தபடியாக இதுவே. இரு தடிகள் குறுக்கே பின்னி வளைந்து, முளையின்றியே தானாக நிற்கும் குவிமாட வடிவம் நம் நாட்டுக்கு மிக ஏற்றது. கோயில் மண்டபத்திலும் பாடசாலை அறையிலும் முளை எங்கே அடிப்பது?

முளை என்றதும் குடாநாட்டு நிலத்தின் இயல்பை நினைத்தல் வேண்டும். அடியிலிருப்பது சுண்ணக்கல். கீரிமலைப் பக்கத்திலும் நெடுந்தீவிலும் பலவிடங்களில் மண் மெல்லிய போர்வையாகவே இருக்கின்றது. கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பிமுளை அங்கே முதலடியிலேயே வளைந்துவிடும். அவ்விடங்களிற் கயிற்றைப் பருத்த கல்லிற் கட்டுவதே வழி. கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. (நெடுந்தீவாரின் வேலிக் கற்களைப் பிடுங்குதல் தகாது.) மணற்காட்டிலும் கசூரினாவிலும் இதற்கு நேர்மாறு: முளை வெண்ணெயிற் செருகிய ஊசிபோல் இறங்கும், அவ்வாறே வெளிவரும். சிறு துணிப்பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றை அவற்றின் நடுவிற் கட்டி, முழ ஆழத்திற் குறுக்காகப் புதைத்து மிதித்துவிட்டால் சோழகமும் அசைக்காது. நான்கு வெற்றுப் பைகளின் பாரம் ஒரு தேங்காய்ச் சிரட்டையளவும் இராது.

இவ்வளவுக்கும் காசில்லாதவர் என் செய்வார்? குறைந்த செலவில் ஒரு வழியுண்டு. இலேசான தறப்பாள் ஒன்று, இரண்டு ஊன்றுகோல், அவற்றிடையே தும்புக்கயிறு. உள்ளே, அடித்தளமும் சேர்த்துத் தைத்த நுளம்புவலைக் கூடு. கூட்டைத் தையற்காரர் ஒருவரைக் கொண்டே தைப்பிக்கலாம். அதன் தளத்துக்குத் தடித்த நீர்புகாத் துணியும், வாயிலுக்கு நீளச் சிப் பூட்டும் வைத்தல் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து கடைக் கூடாரத்தைப்போல அழகாயிரா. சாய்வாக அடிக்கும் மழையில் ஓரம் நனையும். ஆனால் வறண்ட மாதங்களில் நடப்பவரைப் பாம்பினின்றும் நுளம்பினின்றும் பனியினின்றும் காப்பதற்கு அவை போதும். தளமில்லாத விலையுயர்ந்த கூடாரத்தினும் தளமுள்ள இத் தறப்பாட் கூடாரமே மேலானது. பனிமலைக்கென்று செய்த நான்கு பருவக் கூடாரத்துக்குக் குடாநாட்டவர் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை. அது காற்றோட்டத்தைக் குறைத்து வெக்கையைச் சேமிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

வாங்கிய கூடாரத்தைப் பயணத்தின் முதலிரவிலன்றி வீட்டு முற்றத்திலேயே முதன்முதல் விரித்தல் வேண்டும். பகலில் ஒருமுறை, பின் இருளில் ரோச் லைற் வெளிச்சத்தில் ஒருமுறை தாயும் தந்தையும் தனித்தனியே அடித்துப் பழகுக. கிணற்றடியில் நின்று பத்து வாளி நீரை மேலே வாரியிறைத்து, உள்ளே பிள்ளையை இருத்தி, எங்கே சொட்டுகின்றதென்று கேட்டால் அவன் மகிழ்ச்சியோடு காட்டித் தருவான். ஒழுகுந் தையலுக்கு நீர்புகாப் பசை தடவலாம். ஓர் இரவு முற்றத்திற் படுத்தும் பார்க்கலாம். அப்போதும் பனையின் கீழ் வேண்டாம். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கலாம். கூடாரத்துக்குள் இருப்பவர் சிரிக்கமாட்டார். ஆவணியிற் பழம் விழும் காலமாயின் இன்னும் மோசம். கூடாரத்தினுள் அடுப்பு, கற்பூரம், நுளம்புத்திரி எதனையும் கொளுத்துதல் கூடாது. இத்துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மூடிய கூட்டில் அடுப்புப் புகை உறக்கத்திலேயே உயிரைக் கொள்ளும்.

திரும்பி வந்தபின் செய்யவேண்டியது சிறிது. கடற்கரைக்குச் சென்றதாயின் உப்பும் மணலும் சிப் பூட்டின் உலோகத்தை அரிக்கும். நன்னீரால் அலசி, பழைய பல்துலக்கும் தூரிகையால் மணலைத் தட்டிவிடுக. சலவைத்தூள் இடலாகாது. வெயிலிலன்றி நிழலில் முற்றும் உலரவிட வேண்டும். மேலுறையின் உட்பூச்சு வெக்கையும் ஈரமும் சேர்ந்தாற் சிதைந்து, பிசுபிசுத்து, புளித்த மணம் வீசி உரிந்துவிடும். அங்ஙனம் உரிந்த கூடாரத்தைத் திருத்த வழியில்லை. ஆதலால் இறுக்கி மடித்துத் தகரப்பெட்டியில் இட்டுவைக்காது, பெரிய பருத்தித் தலையணை உறையொன்றினுள் தளர்வாகத் திணித்து, அறையின் காற்றோட்டமான மூலையில் எலி எட்டாத உயரத்திற் தொங்கவிடுவது நல்லது. தடிகளை மடிக்காது பொருத்தியபடியே வேறாக வைத்தால், உள்ளிருக்கும் மீள்நாடா அடுத்த ஆண்டு நடைவரை தொய்யாதிருக்கும்.